துத்தம் டாக்டரம்மாவின் சாம்பிள்

மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் காண்பது நம்மைப் போன்ற சாதாரணர்களின் வழக்கம். எங்கள் துத்தம் டாக்டரம்மாவோ திருத்தங்கல் ஜனத்தொகையில் பாதியைப் பித்தப்பையை வைத்தே அடையாளம் கண்டவர். கடைத்தெருவில் யாராவது வணக்கம் வைத்தால் முகத்தை உற்றுப் பார்ப்பார், ஒன்றும் பிடிபடாது. பார்வை மெல்ல வலது விலாப்பக்கம் இறங்கும். அங்கே போய் நின்றதும் அவர் முகத்தில் விளக்கு எரியும்.

"அடடே, நீங்களா? பித்தப்பை நுனியில லேசா மடிஞ்சிருக்குமே, அந்த அண்ணாச்சிதான? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா இருக்கீகளா?"

அந்த அண்ணாச்சி ஊரிலேயே பெரிய ஜவுளிக்கடைக்கு முதலாளியாக இருப்பார். போன தேர்தலில் நின்று தோற்ற பெருமையும் அவருக்கு உண்டு. டாக்டரம்மாவைப் பொறுத்தவரை அவர் நுனி மடிந்த பித்தப்பை. அவ்வளவுதான்.

எனக்கு அவரைத் தெரிய வந்தது ஆஸ்பத்திரிக் கமிட்டி மூலமாக. ஊர் வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி. கமிட்டியில் வெடி தயாரிப்பவர்கள் இருந்தார்கள், காலண்டர் அச்சடிப்பவர்கள் இருந்தார்கள். நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரைச் செயலாளராகப் போட வேண்டும் என்று ரொம்ப நாள் தேடிவிட்டு, அலுத்துப்போய் என்னைப் போட்டார்கள். நான் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்துகிறவன். ஓய்வு நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். என் கட்டுரையைப் படித்துச் சிரித்ததாகச் சொன்னவர்கள் உண்டு. விசாரித்தால் அது அச்சுப்பிழைக்காக இருக்கும்.

டாக்டரம்மா அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று, விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் ஸ்கேன் பார்த்த கை. பேசும்போதுகூட அந்தக் கை சும்மா இருக்காது. மேஜை, நாற்காலிக் கை, பக்கத்தில் இருப்பவரின் டிபன் பாக்ஸ் என்று எதன் மேலாவது மெதுவாகத் தேய்த்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மிஷின் கிடையாது. நீச்சல் வீரரைக் கூட்டிவந்து கோடைக்காலத்து வெம்பக்கோட்டை அணையில் இறக்கிவிட்டது போல இருந்தது அவர் நிலைமை.

அதைவிட மோசம் சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்களின் நிலைமை. பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். வயிற்றில் பிள்ளையோடு ஒரு ஸ்கேன் பார்க்க வேண்டுமென்றால் விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் முறைக்குக் காத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் மாறி மாறி மதுரை வரை போக வேண்டும். ஆகவே பெரும்பாலோர் போவதே இல்லை. இதைச் சொல்லும்போது மட்டும் டாக்டரம்மாவின் கை அசையாமல் நின்றுவிடும்.

அவரே தேடி அலைந்து ஒரு மிஷினைக் கண்டுபிடித்தார். சின்ன மிஷின். சல்லிசான விலை. கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். கம்பெனிக்காரர்கள் கொஞ்ச காலம் வைத்துப் பார்க்கத் தரச் சம்மதித்தார்கள். அரசாங்கப் பதிவு, பூட்டுப் போட்ட தனி அறை, 'பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம்' என்ற பலகை என்று எல்லாம் முறைப்படி செய்து முடித்து மிஷின் வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்ததும் கமிட்டி முழுவதும் எட்டிப் பார்த்தது. பிறகு பெட்டிக்குள் மறுபடி கையை விட்டு மீதி மிஷினைத் தேடியது.

எங்கள் தலைவர் அண்ணாச்சி கம்பி மத்தாப்புக் கம்பெனி முதலாளி. பெரிய மனசு. அதைவிடப் பெரிய சந்தேகம்.

"என்ன டாக்டரம்மா, டிபன் கேரியர் மாதிரில்ல இருக்கு? மதுரையில பீரோ சைஸுக்கு வச்சிருக்கான்."

"பீரோவையா அண்ணாச்சி வயித்துக்குள்ள விடப் போறோம்?"

தலைவர் யோசித்தார். தீபாவளி லோடு போய் முடியும் வரை மிஷின் இருக்கட்டும், பிறகு வைத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வோம் என்று தீர்மானம் ஆயிற்று. தீர்மானத்தை அழகான தமிழில் எழுதியது நான். யாரும் வாசிக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து ஆஸ்பத்திரியில் திருவிழாதான். டாக்டரம்மா பார்க்கிற ஒவ்வொரு உறுப்பையும் முதல்முறை பார்ப்பது போலக் கொண்டாடுவார். "ஆத்தாடி, ஈரல் எம்புட்டு வழுவழுன்னு இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். வரிசையில் இருப்பவர்கள் பொறாமைப்படுவார்கள். என்னையும் ஒருநாள் படுக்கவைத்து மேல் வயிற்றை மட்டும் பார்த்துவிட்டு, மண்ணீரல் நல்ல அம்சமாக இருக்கிறது என்றார். என் தோற்றத்தைப் பற்றி இதுவரை யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. வீட்டில் போய்ச் சொன்னேன். மனைவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அது உள்ளே இருப்பதால் யாருக்குத் தெரியப்போகிறது என்றாள்.

'துத்தம்' என்ற பட்டம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஸ்கேன் பார்க்க வயிற்றில் ஒரு வழுவழுப்பான ஜெல் தடவுவார்கள் அல்லவா, அதை வெளியே வாங்கிக் கட்டுப்படி ஆகாது என்று டாக்டரம்மா கிழங்கு மாவில் தானே காய்ச்சிக்கொள்ள முடிவு செய்தார். வெளிநாட்டிலேயே ஏழை ஆஸ்பத்திரிகளில் அப்படித்தானாம். காய்ச்சும் பொறுப்பு ஆஸ்பத்திரி உதவியாளர் பேச்சியம்மாளிடம் போயிற்று. பேச்சியம்மாள் அதற்கு முன் பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் ஒட்டும் பசை காய்ச்சியவர். ஆஸ்பத்திரி வராந்தாவெல்லாம் வடகக்கூழ் வாசனை. ஸ்கேன் முடிந்து போகிறவர்களைத் தெருநாய்கள் மரியாதையோடு பின்தொடர்ந்தன.

ஒருநாள் மத்தியானம், காலையில் ஸ்கேன் பார்த்துவிட்டுப் போன ஒருவர் பதறிக்கொண்டு திரும்பி வந்து சட்டையைத் தூக்கினார். வயிறு முழுக்க மயில் கழுத்து நிறம். டாக்டரம்மாவின் கண்கள் விரிந்தன. இதுவரை எந்தப் புத்தகத்திலும் வராத ஒரு நோயைத் தான்தான் முதலில் பார்க்கிறோம் என்று ஒரு நொடி நினைத்துவிட்டதாகப் பிற்பாடு ஒத்துக்கொண்டார். அதற்குள் அடுத்த நீல வயிறு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

பசை கெட்டுப்போகாமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் மயில்துத்தம் என்ற நீல விஷ உப்பைக் கலப்பார்கள். பேச்சியம்மாளின் கை பழக்கத்தில் அதையே செய்துவிட்டது. ஸ்கேன் அறையில் விளக்கை அணைத்திருந்ததால் யாருக்கும் நிறம் தெரியவில்லை.

"துத்தம் போடாத பசை என்ன பசைம்மா?" என்று பேச்சியம்மாள் நியாயம் கேட்டார். "ரெண்டு நாள்ல புழுத்துப் போகும்ல."

"அது வயிறுடி. அட்டைப்பெட்டி இல்ல."

காலையில் வந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஆள் அனுப்பி, சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, பாதிப் பேரின் வீட்டுக்கு டாக்டரம்மாவே சோப்போடு போய் நின்றார். லேசான அரிப்பைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதன்பின் பசைப் பானை தினமும் வெயிலில் வைத்துப் பரிசோதிக்கப்பட்ட பிறகே உள்ளே வரும். நீலம் கழுவக் கழுவப் போய்விட்டது. பெயர் போகவில்லை.

நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவர் வைத்திருந்த முறை இன்னும் விசேஷம். கடற்பாசியைக் காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றி, நடுவே ஒரு திராட்சையை மிதக்கவிட்டு உறைய வைப்பார். அதன் மேல் ஸ்கேன் கருவியை வைத்தால், திரையில் கர்ப்பப்பையும் உள்ளே கருவும் போலவே தெரியுமாம். இது தெரியாமல் ஒரு தீர்மானத்தில் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போன நான், தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொன்னாரே என்று ஃபிரிட்ஜைத் திறந்து, கிண்ணத்தைக் கண்டு, விருந்தோம்பல் என்று தப்பாக எடுத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட வந்த டாக்டரம்மா காலிக் கிண்ணத்தையும் என்னையும் பார்த்தார்.

"தம்பி, நாளைக்கு வகுப்புக்கு வச்சிருந்த கர்ப்பப்பையைத் தின்னுட்டீகளே."

அன்று முதல் யார் கடற்பாசி நீட்டினாலும் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

மாமியார்களிடம் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது. பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, பலகைக்குக் கேட்காத குரலில் "ஆம்பளைப் பிள்ளைதானம்மா?" என்று குனிவார்கள். சட்டம் சொல்லக் கூடாது என்கிறது, சட்டமே இல்லாவிட்டாலும் நான் சொல்ல மாட்டேன் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். பிறகு அவர்கள் கோபித்துக்கொள்ள இடம் கொடுக்காமல் பிள்ளையின் இதயத் துடிப்பைச் சத்தமாக வைப்பார். குதிரை ஓடுவது போல அறை முழுக்கக் கேட்கும். கேட்க வந்த கேள்வியை மறந்து வாய் பிளந்து நின்ற மாமியார்களை நானே பார்த்திருக்கிறேன்.

இப்படித் தடபுடலாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பேச்சியம்மாளின் மகள் முருகேஸ்வரி வந்தாள். வெம்பக்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். வயிற்றில் முதல் பிள்ளை. அன்று உள்ளேயிருந்து கொண்டாட்டக் குரல் எதுவும் வரவில்லை. நஞ்சுக்கொடி கீழே இறங்கி, பிள்ளை வரும் வாசலை மறித்துக்கொண்டு கிடந்தது. வெளியே வந்து பேச்சியம்மாளை உட்காரவைத்துச் சொன்னார் டாக்டரம்மா.

"பயப்படாத. பிள்ளை வளர வளர நஞ்சு மேல ஏறிரலாம், ஏறாமலும் போகலாம். தீபாவளி கழிச்சு மறுபடி பாத்தாத்தான் தெரியும். ஏறலேன்னா வலி வர முந்தி ஆபரேஷன் பண்ணிரணும். தெரியாம வீட்டுல வச்சிருந்து ரத்தம் போச்சுன்னா ரெண்டு உசுரும் நம்ம கையில இல்ல. இவளை மதுரைக்கெல்லாம் பஸ்ல குலுக்கிக்கிட்டுப் போகக் கூடாது. இங்கனயே நானே பாக்குறேன்."

இங்கேயே பார்க்க வேண்டுமென்றால் தீபாவளிக்குப் பிறகும் மிஷின் இங்கே இருக்க வேண்டும். அதுதான் யார் கையிலும் இல்லாமல் இருந்தது.

தீபாவளி லோடெல்லாம் போய் ஊர் ஓய்ந்ததும் கமிட்டி கூடியது. எங்கள் ஊரில் யாரும் வெறும் வார்த்தையை நம்பிச் சரக்கு வாங்க மாட்டார்கள். வெளியூர் பார்ட்டி வந்தால் பொட்டலுக்குக் கூட்டிப்போய் வெடித்துக் காட்ட வேண்டும். பக்கத்துக் கம்பெனி சரக்கையும் வெடித்து, எது உசத்தி என்று பார்த்த பிறகுதான் ஆர்டர். இந்த ஒரு முறையைத் தவிர வேறு எந்த முறையிலும் எங்கள் கமிட்டி எதையும் வாங்கியதில்லை.

"சாம்பிள் பாத்துருவோம்" என்றார் தலைவர். "மதுரை மிசினு ஏற்கெனவே கண்டுபிடிச்ச ஒரு நோயை நம்ம மிசினு கண்டுபிடிக்குதான்னு பாப்போம். கண்டுபிடிச்சா இருக்கட்டும். இல்லாட்டி நமுத்த சரக்குன்னு அனுப்பிருவோம்."

டாக்டரம்மாவுக்கு ஒரே உற்சாகம். உடனே ஒத்துக்கொண்டார். சாம்பிளுக்கு ஆள் வேண்டுமே? கமிட்டி உறுப்பினர்கள் எல்லோருக்கும் உள்ளே ஏதோ ஒன்று இருந்தது. யாரும் வெளியே சொல்லத் தயாராக இல்லை. எல்லோர் பார்வையும் என் பக்கம் திரும்பியது.

அதற்கு முந்தைய வருஷம் என் இடது சிறுநீரகத்தில் மிளகு அளவில் ஒரு கல் இருப்பதாக மதுரையில் கண்டுபிடித்திருந்தார்கள். மற்றவர்கள் கல்லைக் கரைப்பார்கள். நான் அதைக் கட்டுரையாக எழுதி வாரப் பத்திரிகையில் வெளியிட்டிருந்தேன். ஆகவே அது ஊர்ப் பொதுச்சொத்து. கல் எந்தப் பக்கம் என்று டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருக்குமே என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினார். அவர் என் கட்டுரைகளைப் படிப்பதே இல்லை என்று கமிட்டி விசாரித்து உறுதி செய்துகொண்டது. அந்த விசாரணையில் காயப்பட்டவன் நான் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வராந்தாவில் முருகேஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மாள் துத்தமில்லாத பசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து வைத்துவிட்டு, வெளியே போக மனமில்லாமல் கதவோரம் நின்றார். கமிட்டி, படுத்திருந்த என் கால்மாட்டில், திரை தெரிகிற பக்கம் கூடியது. தலைவர் பழக்கதோஷத்தில் நாலடி தள்ளியே நின்றார்; இன்னொருவர் காதில் விரலை வைக்கப்போய் வெட்கப்பட்டு எடுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். என்னைப் புரட்டிப் போட்டுப் பார்த்தார். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார், மறுபடி இழுக்கச் சொன்னார். மறுபடி இடது பக்கம் வந்தார். நான் பொறுக்க முடியாமல், இந்தப் பக்கம்தான் என்று வாய்க்குள் முனகினேன். பேசாமல் படுங்க என்று அதட்டல் வந்தது. கருவி இன்னும் ஒருமுறை மெதுவாக ஊர்ந்தது. பிறகு நின்றது.

"தம்பி, கல்லு இல்ல. சுத்தமா இருக்கு."

பேச்சியம்மாள் கதவோரத்திலிருந்து வந்து, யாரும் சொல்லாமலே பசைப் பானையை மூடினார்.

"அப்ப மிசினு நமுத்துப் போச்சா?" என்றார் தலைவர். அவர் குரலில் வெற்றி இல்லை. அந்த நிமிஷத்தில் அவரும் மிஷின் ஜெயிக்க வேண்டும் என்றுதான் விரும்பினார் என்று தோன்றியது. இன்னொருக்கா பாருங்க டாக்டரம்மா, சின்னதாக ஓரத்தில் எங்காவது கிடக்கும் என்று ஒவ்வொருவராகக் கெஞ்சினார்கள். ஓர் ஆஸ்பத்திரிக் கமிட்டி தன் செயலாளருக்குக் கல் இருக்க வேண்டும் என்று அவ்வளவு மனதார ஆசைப்பட்டதை நான் கேள்விப்பட்டதில்லை.

நான் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்து, இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், கல்லுக்குச் சொந்தக்காரன் நானே சாட்சி சொல்கிறேன் என்று கிசுகிசுத்தேன். தலைப்பைப் பிடுங்கிக்கொண்டார்.

"சாட்சி உம்மது. படம் என்னது. இல்லாத கல்லை இன்னைக்கு இருக்குன்னு சொல்லிட்டு, நாளைக்கு அந்தப் பிள்ளை வயித்தப் பாத்து நான் எதைச் சொன்னா எவ நம்புவா?"

வெளியே முருகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா துணியால் என் வயிற்றைத் துடைத்துவிட்டு, மிஷினையும் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

எங்கள் தலைவரின் பெரிய சந்தேகம் ஊருக்கு உபகாரமாக ஆனது அன்றுதான். சாம்பிள் சரியாக வெடிக்காவிட்டால் எதிர்க்கம்பெனிச் சரக்கையும் அதே இடத்தில் வெடித்துப் பார்ப்பதுதானே முறை என்றார். என்னை எழுப்பி, சட்டைப் பொத்தான் போடக்கூட விடாமல் வேனில் ஏற்றினார். கமிட்டி மொத்தமும் ஏறியது. டாக்டரம்மா வரவில்லை, வரிசையில் ஆள் இருக்கிறது என்றார்.

மதுரையில் பீரோ சைஸ் மிஷின். உள்ளே ஒரு டாக்டர் தம்பி. அறைக்குள் நோயாளியோடு கமிட்டி ஒன்று நுழைவதைக் கண்டு திகைத்தாலும், பார்த்தார். கல் எதுவும் இல்லை என்றார். நல்லாப் பாத்துச் சொல்லுங்க தம்பி என்று தலைவர் அவர் தோளைப் பிடித்தார். தம்பி இன்னொரு முறை பார்த்துவிட்டு, சத்தியமாக இல்லை சார் என்றார், ஏதோ தப்புச் செய்தவர் போல. அடுத்த கணம் அறையே அதிர்ந்தது. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். தலைவர் டாக்டர் தம்பியின் இரண்டு கைகளையும் குலுக்கினார். காசு கொடுத்து ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு கூத்தாடும் கூட்டத்தை அந்த ஸ்கேன் சென்டர் அதற்கு முன் பார்த்திருக்காது. படுக்கையில் கிடந்த என்னை இறக்கிவிடத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

திரும்பி வந்ததும் சந்தோஷம் தாங்காமல் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே சரவெடி ஒன்றைக் கொளுத்திவிட்டார். முதல் சத்தத்திலேயே டாக்டரம்மா வெளியே வந்தார். நோயாளிகள் படுத்திருக்கிற இடத்தில் வெடிக்கிறீர்களே, மூளையை ஸ்கேன் எடுத்தால் அங்கே ஏதாவது தெரியுமா என்று வசவை வாரியிறைத்தார். பாதி ஊருக்கு வேலை கொடுக்கிற முதலாளிகள் வாளியில் தண்ணீர் மொண்டு வந்து தங்கள் சரக்கைத் தாங்களே அணைத்தார்கள். நான் மதுரை ரிப்போர்ட்டை நீட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு எதுக்கு? காலையிலயே நான்தான் பாத்துட்டேனே" என்றார். பிறகு, நடுவில் எப்போதாவது இடுப்பைப் பிடித்து வலி வந்ததா என்று விசாரித்தார். வந்தது. விருதுநகரில் எண்ணெய்ப் புரோட்டா தின்ற ஓர் இரவு முழுக்கப் புரண்டேன். கல் கழன்று போயிருக்கிறது. நானோ பழியைப் புரோட்டா மேல் போட்டு, அந்தக் கடைப் பக்கமே போகாமல் இருந்தேன். என் மனைவி இன்றுவரை எல்லாம் தான் கொடுத்த வாழைத்தண்டுச் சாறு என்கிறாள்.

மிஷின் தங்கியது. முருகேஸ்வரியின் நஞ்சு கடைசிவரை மேலே ஏறவில்லை. அது முன்கூட்டியே தெரிந்ததால், வலி வருவதற்கு முன்பே விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். தாயும் பிள்ளையும் நலம். பேச்சியம்மாள் கண்ணீரோடு பாயசம் காய்ச்சிக் கொண்டுவந்தார். நாங்கள் எல்லோரும் வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டுக் குடித்தோம். டாக்டரம்மா இப்போது மல்லாங்கிணறு பக்கம் இன்னொரு சின்ன ஆஸ்பத்திரிக்கு இதே போல ஒரு மிஷின் வாங்கிக்கொடுக்க அலைந்துகொண்டிருக்கிறார். அங்கேயும் கமிட்டி உண்டாம். சாம்பிளுக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்று காலை கமிட்டி முழுவதும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. படுத்திருந்த எனக்குத் திரை தெரியாது. டாக்டரம்மாவின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அந்த மிஷினும், முருகேஸ்வரியும், அவர் நாயாய் அலைந்த அலைச்சலும் என் கல்லில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. அது இல்லை என்று தெரிந்ததும் அந்த முகம் அப்படி மலர்ந்தது, சொந்தத் தம்பிக்கு நோய் தீர்ந்ததைக் கேட்ட அக்காவின் முகம் போல. மிஷின் போய்விடுமே என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.